ஓட்டை விழுந்த குறிப்பேடு

பழக்கம் மாறவில்லையே என்று சோர்ந்துபோகும் மாணவர்களுக்கு நான் நினைவூட்டுவது பெஞ்சமின் பிராங்கிளினைத்தான். 1706-இல் போஸ்டனில் பிறந்த அவர் பள்ளி சென்றது இரண்டே ஆண்டுகள். 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

இளம் வயதில், தம்மைத் திருத்திக்கொள்ள 13 பண்புகளைக் குறிப்பேட்டில் எழுதினார். வாரத்துக்கு ஒன்றில் மட்டும் தனிக் கவனம். தவறும்போதெல்லாம் ஒரு கரும்புள்ளி. 13 வாரம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையானது. பிறகு, துடைத்தெழுதக்கூடிய தந்த ஏடுகளுக்கு மாறினார்.

ஒழுங்கு என்ற பண்பு அவருக்கு முதுமையிலும் வசப்படவில்லை. ஆனாலும், முயன்றதால் தாம் மேம்பட்டதாகத் தன்வரலாற்றில் எழுதினார்.

மாணவர்களே, இன்றிரவு ஒரே ஒரு பழக்கத்தை நோட்டில் எழுதுங்கள். தவறிய நாளையும் மறைக்காமல் குறியுங்கள்.