கோயிற்பற்றுப் பதிவேட்டில் ஒரு கவிஞர் குடும்பம்

வில்லியம் சேக்ஸ்பியர் நம்மவர்க்குப் புதியவரல்லர். விபுலாநந்த அடிகள் 1926 ஆம் ஆண்டில் வெளிவந்த மதங்கசூளாமணியில் அவரைச் செகசிற்பியார் என அழகுறப் பெயரிட்டு வழங்கினார். உலகம் போற்றும் இக்கவிஞர் எழுதிய கடிதம் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. அவர்தம் குடும்ப வரலாற்றை நாம் அறிதற்குப் பெருந்துணையாவது அவர் பிறந்த ஊர்க் கோயிலின் பதிவேடேயாம்.

எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தோமஸ் குறொம்வெல், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதிவைத்தல் வேண்டுமென 1538 இல் ஆணையிட்டார். வோறிக்சயர் நாட்டுப்புறத்து ஸ்ராற்போட் ஊரின் பதிவுகள் 1558 இலிருந்து கிடைக்கின்றன. பழைய ஏடுகளைத் தோற்சுவடியிற் படியெடுக்கும்படி பின்னர் எழுந்த கட்டளைக்கமைய, அவை 1600 ஆம் ஆண்டளவிற் படியெடுக்கப்பட்டன. நாம் இன்று காண்பது அப்படியே.

கவிஞரின் பாட்டனார் றிச்சாட், சினிற்றபீல்ட் என்னும் சிற்றூரில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடியானவர். அந்நிலத்துக்குரியவரின் மகளாகிய மேரி ஆடனையே றிச்சாட்டின் மகன் யோன் மணந்தார். ஸ்ராற்போட்டிற் குடியேறிக் கையுறை செய்யும் தொழில் நடத்திய யோன், 1568 இல் நகரத் தலைவராகவும் உயர்ந்தார்.

1564 ஏப்ரில் 26 ஆம் நாள் வில்லியத்துக்கு ஞானஸ்நானம் நடைபெற்றதாகப் பதிவேடு கூறுகின்றது. பிறந்த நாளை அது கூறவில்லை. ஏப்ரில் 23 என்பது பிற்காலத்தார் கொண்ட வழக்கு. அவ்வாண்டு யூலை மாதத்தில் கொள்ளைநோய் தொடங்கியமையும் அவ்வேட்டிலேயே குறிக்கப்பட்டுள்ளது. ஆண்டு முடிவதற்குள் 200 பேருக்கு மேல் மாண்டனர். தொட்டிலிற் கிடந்த அக்குழந்தை பிழைத்தமையால் உலகம் பெற்ற செல்வம் எத்துணை!

பழைய ஏடுகளை ஆராய்வோர்க்கு விழிப்பு வேண்டும். சேக்ஸ்பியரின் திருமணம் ஸ்ராற்போட்டுப் பதிவேட்டிற் காணப்படவில்லை. வூஸ்ரர் ஆயரின் ஏட்டில் 1582 நவம்பர் 27 இல் மணமகள் பெயர் ஆன் வேற்லி எனவும், மறுநாட் பிணைமுறியில் ஆன் ஹதவே எனவும் காணப்படுகின்றன. முன்னையது எழுதுவோன் பிழை என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. அக்காலத்தில் ஆண்டு மார்ச்சு 25 இலேயே தொடங்கிற்று. ஆதலின் இரட்டைப் பிள்ளைகளாகிய ஹம்நெற், யூடித் இருவரின் ஞானஸ்நானம் ஏட்டில் 1584 பெப்ரவரி 2 எனக் காணப்படினும், நம் கணக்கில் அது 1585 ஆகும்.

அவ்வேட்டின் துயர்மிகு வரி 1596 ஓகத்து 11 ஆம் நாளுக்குரியது. பதினொரு வயதினனாகிய ஹம்நெற் அன்று அடக்கஞ் செய்யப்பட்டான். கவிஞரின் ஒரே ஆண்மகன் அவனே. இரண்டு மாதங்கள் கழிந்து, ஒக்டோபர் 20 ஆம் நாள், யோன் சேக்ஸ்பியருக்குக் குலச்சின்னம் வழங்கப்பட்டது. வழிவழியாகச் சூடுதற்குரிய பெருமை வந்தபொழுது, அதனைச் சூடவேண்டிய பேரன் மண்ணுள் மறைந்திருந்தான்.

கவிஞர் 1616 இல் இறந்து, ஏப்ரில் 25 ஆம் நாள் அக்கோயிலிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். தம் பெருஞ்செல்வம் மூத்த மகள் சூசன்னாவின் ஆண்வழியிற் செல்லவேண்டுமென விருப்பாவணத்தில் எழுதியிருந்தார். சூசன்னாவுக்கோ எலிசபெத் என்னும் ஒரு மகளே இருந்தாள். இளையவள் யூடித், தன் தலைமகனுக்குச் சேக்ஸ்பியர் என்றே பெயரிட்டாள். அம்மதலை 1617 மே மாதத்தில் மறைந்தது. அவளுடைய ஏனை மைந்தர் இருவரும் 1639 இல் சில வார இடைவெளியில் மாண்டனர். எலிசபெத்தும் மகப்பேறின்றி 1670 இற் காலமானார். அத்துடன் கவிஞரின் நேர்வழி அற்றது. அவர் தங்கை யோனின் வழியினரே பின்னும் தழைத்தனர்.

கோயில் எழுத்தர் பேரரசர்க்கும் பெருங்கவிஞர்க்குமென ஏடு திறந்தாரல்லர். கையுறை வினைஞன் மகனுக்கும் கொள்ளைநோயில் மாண்ட ஏழைக்கும் ஒரு வரியே ஒதுக்கினார். அவ்வொரு வரி ஒழுங்காக எழுதப்பட்டமையாலன்றோ, மகனை இழந்த ஒரு தந்தையாக அக்கவிஞரை நாம் அறிகின்றோம்! நம் ஊர்க் கோயில்களிலும் பாடசாலைகளிலும் செல்லரிக்கும் பழைய ஏடுகளைப் புரட்டுவோர், ஒவ்வொரு வரியின் பின்னும் ஒரு வீட்டின் மகிழ்ச்சியோ அழுகையோ இருந்ததென்பதை நினைவிற் கொள்வாராக.