கடலோடிய தூதர் செங் ஹோ

கடலே இல்லாத மலைநாட்டில் பிறந்த ஒருவர் உலகம் அறிந்த கடலோடியாக உயர்ந்தார். அவர்தாம் செங் ஹோ. சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் பகுதியில், 1371ஆம் ஆண்டளவில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மா ஹோ. அவருடைய தந்தையும் பாட்டனாரும் மக்காவுக்குப் புனிதப் பயணம் சென்று வந்தவர்கள். தூரதேசங்களைப் பற்றி அவர்கள் சொல்ல, அச்சிறுவர் ஆர்வத்துடன் கேட்டிருக்கக்கூடும்.

அந்த இளமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1381ஆம் ஆண்டில் மிங் அரசின் படைகள் யுன்னானுக்குள் புகுந்தன. அக்காலத்தில் தந்தை இறந்தார். ஏறக்குறையப் பத்து வயதே நிரம்பிய மா ஹோ சிறைபிடிக்கப்பட்டார். தமக்கென ஒரு குடும்பத்தை அமைத்துக்கொள்ள இயலாதவாறு ஆக்கப்பட்டு, அரண்மனை ஏவலர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். வட சீனாவை ஆண்ட இளவரசர் சூ டியிடம் அவர் பணிக்கு அனுப்பப்பட்டார். அடிமையாக வந்த சிறுவர் அங்கே போர்க்கலையைக் கற்றார். இளவரசரின் நம்பிக்கையையும் பெற்றார். சூ டி தம் அண்ணன் மகனுடன் போரிட்டு, 1402ஆம் ஆண்டில் யோங்லே பேரரசராக அரியணை ஏறினார். அப்போரில் துணைநின்ற மா ஹோவுக்குச் செங் என்னும் குடும்பப் பெயரை வழங்கிச் சிறப்பித்தார்.

போரிட்டுப் பெற்ற அரியணை என்பதால், பிற நாடுகளும் தம்மைப் பேரரசராக ஏற்க வேண்டும் என்று யோங்லே விரும்பினார். வாணிகம் பெருக வேண்டும் என்பதும் அவருடைய எண்ணம். அதற்காக ஒரு மாபெரும் கப்பற்படை உருவாக்கப்பட்டது. 1405ஆம் ஆண்டில் 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 27,000 பேர் இருந்தனர். வீரர்கள், மாலுமிகள் மட்டுமல்லர். மருத்துவர்கள், எழுத்தர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், தச்சர்கள் எனப் பலரும் உடன் சென்றனர். அனைவருக்கும் தலைவர் செங் ஹோ. 1433ஆம் ஆண்டு வரை அவர் ஏழு முறை கடற்பயணம் மேற்கொண்டார். ஜாவா, சுமத்திரா, இலங்கை, கோழிக்கோடு, ஹோர்முஸ் எனத் தொடர்ந்த அப்பயணங்கள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை வரை நீண்டன.

அந்நாடுகளுள் நமக்கு மிக நெருக்கமானது மலாக்கா. அது அப்போதுதான் பரமேஸ்வரா என்னும் மன்னரின் தலைமையில் உருவாகி வந்த சிறு துறைமுகம். வடக்கே வலிமைமிக்க சியாம் இருந்தது. ஆண்டுதோறும் பொன்னைக் கப்பமாகச் செலுத்தாவிட்டால் சியாமின் படை வரும் என்ற அச்சம் மலாக்காவை வாட்டியது. தன் படைபலத்தால் மட்டும் அந்தப் புதிய நாடு நிலைத்திருக்க முடியாது. பரமேஸ்வரா கடலுக்கு அப்பால் துணை தேடினார். அவருடைய தூதர்கள் 1405ஆம் ஆண்டில் சீன அரசவைக்குச் சென்றனர். பேரரசர் அவரை மன்னராக ஏற்றுக்கொண்டார். மலாக்காவைத் துன்புறுத்த வேண்டாம் எனச் சியாமுக்கும் ஆணை அனுப்பினார். 1409ஆம் ஆண்டில் செங் ஹோவே மலாக்காவுக்கு வந்து, வெள்ளி முத்திரையையும் அரச உடையையும் பரமேஸ்வராவுக்கு வழங்கினார்.

இது சமவலிமை கொண்டவர்களின் நட்பன்று. ஆயினும், இருவருக்கும் ஒருவர் மற்றவரின் தேவை இருந்தது. பாய்மரக் கப்பல்கள் காற்றை நம்பியே ஓடின. வடகிழக்குப் பருவக்காற்று அவற்றைச் சீனாவிலிருந்து தெற்கே கொண்டுவந்தது. ஊர் திரும்பத் தென்மேற்குப் பருவக்காற்று வீச வேண்டும். அதுவரை கப்பல்கள் எங்கே காத்திருப்பது? சரக்குகளை எங்கே வைப்பது? மலாக்காவில் செங் ஹோவின் ஆட்கள் மரவேலி சூழ்ந்த பெரிய கிடங்கை அமைத்தனர். அதற்கு நான்கு வாயில்களும் காவற்கோபுரங்களும் இருந்தன. வெவ்வேறு நாடுகளுக்குப் பிரிந்து சென்ற கப்பல்கள் இங்கே ஒன்றுகூடி, காற்று திரும்பியதும் சீனாவுக்குப் புறப்பட்டன. செங் ஹோவுடன் வந்த மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர் இவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

1411ஆம் ஆண்டில் பரமேஸ்வரா தம் மனைவி, மகன், 540க்கும் மேற்பட்ட பரிவாரத்தினர் ஆகியோருடன் சீனாவுக்குச் சென்றார். ஒரு நாட்டின் மன்னர் தம் நாட்டை விட்டு அத்தனை தொலைவு செல்வதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! தலைநகர் நான்ஜிங்கில் அவருக்குச் சிறப்பான வரவேற்பும் விருந்தும் அளிக்கப்பட்டன.

எல்லா இடங்களிலும் செங் ஹோவின் வருகை இப்படி இனிதாக அமைந்துவிடவில்லை. இலங்கையில் அழகக்கோன் என்னும் ஆட்சியாளருடன் போர் மூண்டது. செங் ஹோ அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். பேரரசர் பின்னர் அவரை விடுதலை செய்தார். அதே இலங்கையில் செங் ஹோ நிறுவிய கல்வெட்டு ஒன்றும் உண்டு. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அக்கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தென்னிலங்கைக் கோவிலில் எழுந்தருளியிருந்த திருமாலைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு எனக் காணிக்கைகளின் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உள்ளது. அக்காலத்தில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழ் எத்தகைய இடம் பெற்றிருந்தது என்பதற்கும் அது சான்று. 1911ஆம் ஆண்டில் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட அக்கல் இன்று கொழும்பு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது.

ஏழாவது பயணத்தின்போது, 1433ஆம் ஆண்டில் செங் ஹோ இறந்தார் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதன்பின் சீன அரசவை இத்தகைய பயணங்களைக் கைவிட்டது. செலவு மிகுதி என்பது ஒரு காரணம். வடஎல்லையைக் காக்க வேண்டியிருந்தது மற்றொரு காரணம். பெருங்கப்பல்கள் கரையிலேயே பழுதடைந்தன. மலாக்காவோ உலக வணிகர் கூடும் பெரிய துறைமுகமாக வளர்ந்தது. 1511ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அதைக் கைப்பற்றியபோது, நாட்டை இழந்த சுல்தான் மாமுட் ஷா பழைய நட்பை நினைவூட்டிச் சீனாவிடம் உதவி கேட்டார். மலாக்காவைத் திருப்பித் தருமாறு சீன அரசவை போர்த்துக்கீசியரை வற்புறுத்தியது. ஆனால், செங் ஹோ நடத்தி வந்ததைப் போன்ற கப்பற்படை அப்போது அதனிடம் இல்லை.