நூற்றில் ஒரு பங்கு சீரியம்: கார்ல் வெல்ஸ்பாக்கின் கதை

பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் கோயில் திருவிழா பார்த்தவர்களுக்கும் செத்தவீட்டில் விடியவிடிய விழித்திருந்தவர்களுக்கும் அந்த விளக்கின் நடுவில் தொங்கும் சிறிய வலைப்பையைத் தெரியும். மென்டில் என்று சொல்வோம். ஒருமுறை எரிந்த பிறகு கை பட்டால் உதிர்ந்துவிடும். அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. ஒஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்ற இரசாயனவியலாளர்தான் அவர்.

1858 செப்டெம்பர் 1 இல் வியன்னாவில் பிறந்தார். தந்தை அங்குள்ள அரச அச்சகத்தின் பணிப்பாளர். சிறுவயதிலேயே தந்தையை இழந்த வெல்ஸ்பாக், பின்னர் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று றொபேர்ட் பன்சனிடம் படித்தார். சுவாலையில் இடப்படும் பொருள் எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்பதை வைத்து அதிலுள்ள மூலகத்தைக் கண்டறிவது பன்சனின் வழி. 1882 இல் கலாநிதிப் பட்டம் பெற்று வியன்னா திரும்பியவர், ஆய்வுகூடமொன்றில் சம்பளமின்றி வேலை செய்தார். அவர் எடுத்துக்கொண்டது அருமண் மூலகங்கள். ஒன்றையொன்று ஒத்திருப்பதால் பிரித்தெடுக்கவே கடினமானவை. கரைத்துப் பளிங்காக்கி, மீண்டும் கரைத்துப் பளிங்காக்கி, 1885 இல் டிடிமியம் என்று அதுவரை ஒரே மூலகமாக நம்பப்பட்டதை நியோடிமியம், பிரசியோடிமியம் என இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

அதே காலத்தில், அருமண் உப்புக்கரைசலில் நனைத்த பருத்தியை எரித்தபோது பருத்தி போய்விட, அதே வடிவில் ஒட்சைட்டுச் சாம்பல் எஞ்சி நின்று ஒளிர்வதைக் கவனித்தார். வாயுச் சுவாலைக்கு மேல் இந்த வலையைத் தொங்கவிட்டால் என்ன என்று யோசித்தார். 1885 இல் காப்புரிமை பெற்றார். மக்னீசியம், லந்தனம், இற்றியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுகளால் ஆன முதல் வலை பச்சை சாய்ந்த ஒளியைத் தந்தது. இலகுவில் உடைந்தது. மக்கள் வாங்கவில்லை. 1889 இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

அவர் விட்டுவிடவில்லை. தோரியம் ஒட்சைட்டைச் சேர்த்தபோது வலை உறுதியானது, ஒளியும் கூடியது. ஆனால் தோரியத்தைச் சுத்தமாக்கச் சுத்தமாக்க ஒளி குறைந்துகொண்டே போனது. வெளிச்சம் வந்தது தோரியத்தில் அல்ல, அதில் மாசாகக் கலந்திருந்த சீரியத்தில் என்பது அப்போதுதான் தெரிந்தது. தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரு பங்கு. இந்த அளவில் வலை வெள்ளையாக ஒளிர்ந்தது. கூடினாலும் மங்கும், குறைந்தாலும் மங்கும். 1891 நவம்பர் 4 இல் வியன்னாவின் கோப்பிக்கடை ஒன்றின் முன்னால் அது முதன்முதலாகப் பொதுவில் எரிந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய நகர வீதிகளின் இரவே மாறிப்போனது. பின்னர் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கும் பெற்றோமக்ஸும் இதே வலையைத்தான் எடுத்துக்கொண்டது.

இந்தக் கதைக்குள் எங்கள் மண்ணும் உண்டு. தோரியத்துக்கான தேவை ஐரோப்பியரை உலகெங்கும் மணல் தேட வைத்தது. முதலில் பிரேசிலின் கடற்கரை. 1904 இல் இலங்கையில், கனியவள ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி, தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனியத்தை அடையாளம் கண்டார். கலை வரலாற்றாசிரியராக நாம் அறியும் அதே குமாரசுவாமிதான். 1909 இல் குமரிக் கரையின் மணவாளக்குறிச்சி மணலில் மொனசைற்று இருப்பதை ஜேர்மனியரான ஷொம்பேர்க் கண்டார். மணல் இங்கிருந்து போனது, வெளிச்சம் அங்கே எரிந்தது.

வெல்ஸ்பாக் அதோடு நிற்கவில்லை. உலோக இழை கொண்ட முதல் மின்குமிழை ஒஸ்மியத்தில் செய்தார். தோரியம் எடுத்தபின் குவிந்த கழிவிலிருந்து, இரும்பும் சீரியமும் கலந்து உரசினால் பொறி பறக்கும் கலப்புலோகத்தை 1903 இல் உருவாக்கினார். இன்றைக்கும் லைட்டர் கல் அதுதான். லுற்றீசியத்தைத் தனியாகக் கண்டும், முதலில் கண்டவர் என்ற உரிமை பிரான்சின் ஊர்பேனுக்குப் போனது. 1929 ஓகஸ்ட் 4 இல் இறந்தார்.

1990 களின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த என் தலைமுறைக்கு, பெற்றோமக்ஸ் விசேட நாட்களின் ஆடம்பரம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. நாங்கள் படித்தது ஜாம் போத்தல் விளக்கில். துளி எண்ணெயில் திரி எரியும். சோதனைக்குப் படித்த அக்காமார் அதைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். ஒரு வெளிச்சம் எவ்வளவு பெறுமதியானது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீள்குடியேறிய வன்னிக் கிராமங்களில் இப்போது சோலர் விளக்குகள் எரிகின்றன. அவற்றின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சிறு டயோட். அதன்மேல் பூசிய மஞ்சள் தூள் நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக வெளிவிட, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்தத் தூள் இற்றியம் அலுமினியம் கொண்ட ஒரு பளிங்கு. அதில் வேண்டுமென்றே மாசாகச் சேர்க்கப்படுவது, மிகச் சிறிதளவு சீரியம். வலையில் சூட்டால் ஒளிர்ந்தது, இங்கே சூடின்றி ஒளிர்கிறது. இதே வகைத் தூள்களை மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் சில பங்கு அளவுக்குச் சிறிதாக்கி, போலிப் பணத்தாளைக் காட்டிக்கொடுக்கும் மையாகவும் உடற்கலங்களை ஒளிரவைத்துப் பார்க்கும் கருவியாகவும் ஆக்க விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள்.

புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய்ப் பக்கம்வரை நீளும் கரையின் கனியமணலிலும் மொனசைற்று உண்டு. அந்தக் கரையில் மணல் அகழ்வு என்றாலே, இடம்பெயர்ந்து திரும்பிய சனங்களுக்கு முதலில் எழுவது தங்கள் காணி பற்றிய கேள்வி. வெல்ஸ்பாக்கின் காலத்தில் மணல் எடுக்கப்பட்ட ஊர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இம்முறையாவது கேட்க வேண்டும்.