குஸ்தாவ் ஹோல்ஸ்ட்

குஸ்தாவ் தியோடர் ஹோல்ஸ்ட் (செப்டம்பர் 21, 1874 - மே 25, 1934) ஓர் ஆங்கிலேய இசையமைப்பாளரும் இசை ஆசிரியரும் ஆவார். கோள்கள் என்னும் ஏழு பகுதிகளைக் கொண்ட சேர்ந்திசைப் படைப்பின் மூலம் உலகெங்கும் அறியப்படுகிறார். இருக்கு வேதப் பாடல்களுக்கும் காளிதாசரின் மேகதூதத்துக்கும் இசையமைப்பதற்காகச் சமசுகிருதம் பயின்றவர். 1916 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள தாக்ஸ்டெட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் இவர் தொடங்கிய பெந்தகோஸ்தே விழா, தொழிலாளர், பள்ளி மாணவியர், ஊர் மக்கள் ஆகியோரை ஒரே பாடகர் குழுவாக இணைத்தது. வழிபாடு, இசை, சமூக சமத்துவம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய நிகழ்வாக அவ்விழா நினைவுகூரப்படுகிறது.

இளமைக் காலம்

ஹோல்ஸ்ட் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் பிறந்தார். தந்தை அடோல்ப் வான் ஹோல்ஸ்ட் தேவாலய ஆர்கன் இசைக் கலைஞர். தாய் கிளாரா 1882 இல் இறந்தபோது ஹோல்ஸ்டுக்கு வயது ஏழு. இவரது முன்னோர் ரீகா நகரிலிருந்து வந்தவர்கள். பாட்டனார் காலத்திலேயே குடும்பம் இங்கிலாந்தில் குடியேறிவிட்டது.

சிறுவயது முதலே இவருக்கு ஆஸ்துமாவும் பார்வைக் குறைபாடும் இருந்தன. வலது கையில் ஏற்பட்ட நரம்பு வலியால் பியானோ கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று தந்தை கருதியதால் டிரம்போன் வாசிக்கக் கற்றார். அதுவே பின்னர் சில ஆண்டுகள் இவருக்கு வருமானம் தந்த தொழிலாயிற்று. 1893 இல் லண்டன் அரச இசைக் கல்லூரியில் சேர்ந்து சார்லஸ் வில்லியர்ஸ் ஸ்டான்போர்டிடம் இசையமைப்பு பயின்றார். 1895 இல் அங்கு ரால்ப் வாகன் வில்லியம்சைச் சந்தித்தார். இருவரின் நட்பும் ஹோல்ஸ்டின் இறுதிநாள் வரை நீடித்தது.

சமதர்மப் பாடகர் குழு

மாணவப் பருவத்தில் ஹோல்ஸ்ட், எழுத்தாளரும் ஓவிய வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிசின் லண்டன் இல்லத்தில் கூடிய ஹேமர்ஸ்மித் சமதர்மச் சங்கத்தில் சேர்ந்தார். கலை செல்வந்தரின் உடைமையன்று, உழைப்பவர் அனைவருக்கும் உரியது என்பது மோரிசின் கொள்கை. ஹோல்ஸ்ட் மேடைப் பேச்சில் நாட்டம் காட்டவில்லை. சங்கத்தின் பாடகர் குழுவைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்று, அதன் உறுப்பினர்களுக்குப் பழைய ஆங்கிலப் பாடல்களையும் பர்செல், மோட்சார்ட் ஆகியோரின் இசையையும் கற்பித்தார். அக்குழுவில் பாடிய இசபெல் ஹாரிசனை 1901 இல் மணந்தார். இவர்களின் ஒரே மகள் இமோஜன் 1907 இல் பிறந்தார்.

ஆசிரியப் பணி

1905 ஆம் ஆண்டு முதல் இறக்கும் வரை லண்டன் புனித பவுல் பெண்கள் பள்ளியின் இசை ஆசிரியராக இருந்தார். 1907 இல் மார்லி கல்லூரியின் இசை இயக்குநரானார். பகலில் வேலை செய்வோர் மாலையில் வந்து பயிலும் கல்லூரி அது. முறையான இசைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும் மிகச் சிறந்த இசையையே கற்பிக்க வேண்டும் என்பதில் ஹோல்ஸ்ட் உறுதியாக இருந்தார். தொடக்கத்தில் சிலர் விலகினர். பின்னர் குழு வளர்ந்தது.

ஹென்றி பர்செலின் தேவதை அரசி என்னும் மேடை இசைப் படைப்பின் முழு இசைக்குறிப்பு நெடுங்காலம் தொலைந்து போயிருந்தது. அது கண்டெடுக்கப்பட்ட பின்னர், மார்லி மாணவர் 28 பேர் தம் ஓய்வு நேரத்தில் 1,500 பக்கங்கள் அளவிலான குரல், கருவிப் பகுதிகளைக் கையால் படியெடுத்தனர். இதற்கு ஏறத்தாழ 18 மாதங்கள் ஆயின. 1911 இல் அவர்களே அதை அரங்கேற்றினர். 17 ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அப்படைப்பு முழுமையாகக் கேட்கப்பட்டது அதுவே முதன்முறை.

தாக்ஸ்டெட்டும் கான்ராட் நோயலும்

1913-14 குளிர்காலத்தில் எசெக்ஸ் பகுதியில் நடைப்பயணம் மேற்கொண்ட ஹோல்ஸ்ட் தாக்ஸ்டெட்டை அடைந்தார். 14 முதல் 16 ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் கட்டப்பட்ட அவ்வூர்த் தேவாலயம், ஊரின் அளவுக்கு மிகப் பெரியது. அருகிலிருந்த ஒரு பழைய குடிசை வீட்டை 1914 இல் வாடகைக்கு எடுத்தார். அவ்வாண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. ஹோல்ஸ்ட் படையில் சேர முயன்றார், உடல்நலக் குறைவால் மறுக்கப்பட்டார். மறுபுறம், பெயரில் வான் என்ற ஜெர்மானிய ஒட்டுடன் ஊரைச் சுற்றி நடந்து கேள்விகள் கேட்கும் இவரைச் சிலர் ஒற்றர் எனச் சந்தேகித்துக் காவல்துறையிடம் தெரிவித்தனர்.

தாக்ஸ்டெட்டின் பங்குக் குரு கான்ராட் நோயல் (1869-1942) சிவப்புக் குரு என்று அழைக்கப்பட்டவர். அவரைச் சமதர்மவாதியான வாரிக் சீமாட்டி டெய்சி 1910 இல் அப்பதவிக்கு நியமித்திருந்தார். ஏழைகளுக்கு நீதி கேட்பது கிறித்தவ நம்பிக்கையின் மையம் என்றும், ஆடலும் பாடலும் வண்ணமும் வழிபாட்டுக்கு உரியவை என்றும் நோயல் போதித்தார். தேவாலயச் சடங்குகளில் ஊர்வலங்களைச் சேர்த்தார். ஊரில் நாட்டார் நடனத்துக்கு ஊக்கமளித்தார். மரபை விரும்பிய வழிபாட்டாளர் பலர் இவற்றை எதிர்த்தனர். ஹோல்ஸ்ட் அவருடன் நட்புக்கொண்டு, தேவாலயத்தில் அவ்வப்போது ஆர்கன் வாசித்தும் பாடகர் குழுவைப் பயிற்றுவித்தும் வந்தார்.

1916 ஆம் ஆண்டு விழா

ஈஸ்டருக்குப் பின் ஏழாம் ஞாயிறன்று வரும் பெந்தகோஸ்தே, தூய ஆவி திருத்தூதர் மீது இறங்கியதைக் கொண்டாடும் நாள். பல மொழியினரும் ஒரே செய்தியைத் தத்தம் மொழியில் கேட்டதாக விவிலியம் கூறும் நாளும் அதுவே. அதற்கடுத்த திங்கள் இங்கிலாந்தில் பொது விடுமுறையாக இருந்ததால், வேலை செய்வோரும் ஊரை விட்டு வர இயன்றது. 1916 இல் அந்த ஞாயிறு ஜூன் 11 அன்று வந்தது. மார்லி கல்லூரி மாணவர்களையும் புனித பவுல் பள்ளி மாணவியரையும் லண்டனிலிருந்து தாக்ஸ்டெட்டுக்கு வரவழைத்த ஹோல்ஸ்ட், அவர்களை ஊர்ப் பாடகர்களுடன் சேர்த்தார்.

விழா நான்கு நாட்கள் நடைபெற்றது. பாக் இயற்றிய குறுந்திருப்பலி இசையும் பர்செல் உள்ளிட்டோரின் படைப்புகளும் பாடப்பட்டன. இசை வழிபாட்டின் பகுதியாகவே அமைந்தது. வழிபாடு முடிந்த பின்னரும் பாடகர்கள் கலையவில்லை. தேவாலயத்திலும் வீடுகளிலும் நாள் முழுவதும் பாடிக்கொண்டே இருந்தனர். மாலைக் கல்லூரியில் பயிலும் தொழிலாளியும் வசதியான வீட்டுப் பள்ளி மாணவியும் கிராமத்தவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே இசைத்தாளைப் பார்த்துப் பாடியது, வகுப்பு வேறுபாடு இறுகியிருந்த அக்கால இங்கிலாந்தில் வழக்கமான காட்சியன்று. அவ்வாண்டுதான் பிரித்தானியாவில் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது.

தேர்ச்சி பெற்ற கலைஞர்களின் கச்சேரியை விடவும் இத்தகைய இசையே உயர்ந்தது என்ற முடிவுக்கு ஹோல்ஸ்ட் வந்தார். கடினமாக உழைக்கும் மனிதர் தம் ஓய்வு நாளில் அன்புக்காகப் பாடுவதே இசையின் இயல்பான இடம் என்பதை நண்பர் விட்டேக்கருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார்.

பின்வந்த விழாக்கள்

1917, 1918 ஆகிய ஆண்டுகளிலும் விழா தாக்ஸ்டெட்டில் நடைபெற்றது. இக்குழுவினருக்காக ஹோல்ஸ்ட் புதிய பாடல்களையும் இயற்றினார். போரிடும் மனித குலத்தைத் தன் வழியிலிருந்து திரும்ப அழைக்கும் கிளிபர்ட் பாக்சின் கவிதைக்கு, பழைய ஜெனிவா சங்கீத மெட்டொன்றைப் பயன்படுத்தி இசையமைத்தார். கிறித்துவின் வாழ்வை ஒரு நடனமாகச் சித்திரிக்கும் பழைய கரோல் பாடலொன்றை நோயல் தேவாலய வாயிலில் ஒட்டியிருந்தார். ஹோல்ஸ்ட் அதற்கு இசையமைத்து அவருக்கே காணிக்கையாக்கினார். அப்பாடல் 1918 விழாவில் பாடப்பட்டது. திருமுறையில் சேராத யோவான் பணிகள் நூலில், இயேசு தம் சீடருடன் ஆடிப் பாடுவதாக வரும் பகுதியைக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்து 1917 இல் இயேசுவின் பாடல் என்ற படைப்பையும் உருவாக்கினார்.

சமதர்மத்தை இருவரும் புரிந்துகொண்ட விதம் ஒன்றல்ல. நோயல் 1918 இல் கத்தோலிக்க அறப்போர் என்னும் இயக்கத்தைத் தொடங்கித் தீவிர அரசியலில் இறங்கினார். தேவாலயத்தினுள் அவர் ஏற்றிய செங்கொடியையும் அயர்லாந்து சின் பெயின் கொடியையும் 1921 இல் கேம்பிரிட்ச் மாணவர்கள் கிழித்தெறிந்தனர். 1922 இல் திருச்சபை நீதிமன்றம் கொடிகளை அகற்ற ஆணையிட்டது. ஹோல்ஸ்டோ தோழமையைச் சேர்ந்து பாடுவதிலேயே கண்டார். 1918 க்குப் பின்னர் இவரது பெந்தகோஸ்தே விழாக்கள் தாக்ஸ்டெட்டுக்கு வெளியே பல இடங்களில் நடைபெற்றன.

புகழும் தளர்வும்

1914 முதல் 1917 வரை எழுதப்பட்ட கோள்கள், 1918 செப்டம்பர் 29 அன்று லண்டன் குயின்ஸ் அரங்கில் அழைக்கப்பட்டோர் முன்னிலையில் ஏட்ரியன் போல்ட் நடத்த முதன்முதலாக இசைக்கப்பட்டது. இறுதிப் பகுதியான நெப்டியூனில் மறைவிலிருந்து ஒலிக்கும் பெண்குரல்களை மார்லி கல்லூரி, புனித பவுல் பள்ளி மாணவியரே பாடினர். அதே மாதம் ஹோல்ஸ்ட் தம் பெயரிலிருந்து வான் என்பதைச் சட்டப்படி நீக்கினார். பின்னர் படைவீரர்களுக்கு இசை கற்பிக்கும் பணியை ஏற்றுக் கிரேக்கத்தின் சலோனிக்கா சென்றார். 1919 இல் நாடு திரும்பினார்.

கோள்களின் வெற்றி இவரைப் புகழ்பெறச் செய்தது. ஆனால் புகழை இவர் விரும்பவில்லை. 1923 இல் இசை நடத்தும் மேடையிலிருந்து தவறி விழுந்து தலையில் அடிபட்டார். அடுத்த ஆண்டு மருத்துவர் அறிவுரைப்படி பெரும்பாலான பணிகளிலிருந்து விலகி ஓய்வெடுத்தார்.

1928 இல் கன்டர்பரி பேராலயத் தலைவர் ஜார்ஜ் பெல், தேவாலயத்துக்கும் கலைக்கும் அறுந்துபோன உறவை மீட்க விரும்பினார். ஜான் மேஸ்பீல்ட் எழுதிய கிறித்துவின் வருகை என்னும் நாடகத்துக்கு இசையமைக்க ஹோல்ஸ்டை அழைத்தார். அது அவ்வாண்டு பெந்தகோஸ்தே நாட்களில் பேராலயத்தினுள்ளேயே நடிக்கப்பட்டது. டி. எஸ். எலியட்டின் பேராலயத்தில் கொலை நாடகம் 1935 இல் அரங்கேறிய கன்டர்பரி விழாவுக்கு இதுவே முன்னோடி. பெல் பின்னர் சிச்செஸ்டர் பேராயரானார். நாசி ஜெர்மனியிலிருந்து வந்த அகதிகளுக்கு உதவியவர் என்றும், நகரங்கள் மீதான குண்டுவீச்சை 1944 இல் நாடாளுமன்றத்தில் எதிர்த்தவர் என்றும் அறியப்படுகிறார்.

மறைவு

1932 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தபோது ஹோல்ஸ்ட் நோயுற்றார். குடற்புண் அறுவை சிகிச்சைக்குப் பின் இதயம் செயலிழந்து 1934 மே 25 அன்று லண்டனில் காலமானார். அப்போது வயது 59. சாம்பல் சிச்செஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நினைவுரையை ஜார்ஜ் பெல் ஆற்ற, வாகன் வில்லியம்ஸ் இசையை நடத்தினார்.

மரபு

கோள்களின் வியாழன் பகுதியிலுள்ள மெட்டை 1921 இல் ஒரு நாட்டுப்பற்றுப் பாடலுக்குப் பயன்படுத்திய ஹோல்ஸ்ட், அதற்குத் தாக்ஸ்டெட் என்று பெயரிட்டார். அரச, அரசு நிகழ்வுகளில் அதைப் பாடுவோர் பலர் அப்பெயரின் பின்னணியை அறியார். மகள் இமோஜன் ஹோல்ஸ்ட் (1907-1984) தந்தையின் வரலாற்றை 1938 இல் நூலாக எழுதினார். பின்னர் பெஞ்சமின் பிரிட்டனுடன் இணைந்து ஆல்ட்பரோ இசைவிழாவை நடத்தினார். தாக்ஸ்டெட் தேவாலயத்தில் 1980 முதல் மீண்டும் ஆண்டுதோறும் இசைவிழா நடைபெறத் தொடங்கியது.

சில படைப்புகள்

- நடுக்குளிர் காலத்தில், கிறித்துமசு பாமாலை மெட்டு (1906)
- சாவித்திரி, மகாபாரதக் கதையைத் தழுவிய சிறு இசைநாடகம் (1908, அரங்கேற்றம் 1916)
- இருக்கு வேதப் பாடல்கள் (1907-1912)
- மேகதூதம் (1910)
- புனித பவுல் தொகுப்பிசை (1913)
- கோள்கள் (1914-1917)
- இயேசுவின் பாடல் (1917, அரங்கேற்றம் 1920)
- கிறித்துவின் வருகை, நாடக இசை (1928)