மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார்

பலமனேர் வாழ் தமிழராகிய நாம் மறக்கலாகாத பெரியார் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார். திருப்பதியை அடுத்த திருச்சானூரில் 1891-இல் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று வக்கீலானார். விடுதலைப் போரில் சிறை புகுந்தார். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தார். பிரெஞ்சுப் புரட்சி உலகுக்கு அளித்த சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் இலட்சியங்கள் அச்சபை இயற்றிய சாசனத்தின் முகவுரையில் இடம்பெற்றன.

1953-இல் ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது இங்குள்ள தமிழர் அதில் மொழிச் சிறுபான்மையினராயினர். 1956-இல் அய்யங்கார் லோக் சபையின் சபாநாயகரானார். அவ்வாண்டே, அவர் தலைமையில் அச்சபை ஏழாவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதனால் வந்த 350-ஏ ஷரத்து, சிறுபான்மையினர் குழந்தைகட்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி கிடைக்க ராஜ்யம் முயலவேண்டும் என விதிக்கிறது.

1978-இல் அவர் மறைந்தார். ஷரத்து ஏட்டில் இருந்தால் போதாது. தமிழ் வகுப்பு வேண்டுமெனக் கேட்கவும், குழந்தைகளை அனுப்பவும் நாமே முன்வரல் வேண்டும். அதுவே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றி.