கங்காரு வாலில் கண்ட முப்புரி

நம் உடம்பு குலைந்து விழாமல் எப்படி நிற்கிறது? எலும்பு தாங்குகிறது என்போம். அந்த எலும்போடு தசையைப் பிணைத்து வைப்பது எது? தசைநார். நாருக்கு உரம் கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். தோலிலும் குருத்தெலும்பிலும் அது உண்டு. எலும்புக்குள்ளேயும் உண்டு. நாம் காலில் போடும் தோல் செருப்புகூடப் பதனிட்ட கொலாஜன்தான்.

அந்தக் கொலாஜன் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்று உலகுக்குச் சொன்னவர், சென்னை கிண்டியில் வேலை பார்த்த ஒரு பௌதிகப் பேராசிரியர். அவர் ஜி. என். ராமச்சந்திரன்.

கிண்டியிலிருந்து பூவிருந்தவல்லி, தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் போகிறோமே, அந்தப் பாதையின் இரண்டு முனைகளிலும்தான் அவர் உழைப்பின் பெரும் பகுதி கழிந்தது. இன்று தண்டலத்தில் சாலையோரம் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே உயிர் ரசாயனம் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயர் பாடத்திலேயே வரும்.

கணக்கு வாத்தியார் மகன்

1922 அக்டோபர் 8ந் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். தகப்பனார் நாராயண ஐயர் அங்கே கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். மகனுக்கும் கணக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1942ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்சாரப் பொறியியலில். ஆனால் அங்கே சர் சி. வி. ராமன் இருந்தார். பையனின் கெட்டிக்காரத்தனத்தைக் கண்ட ராமன், அவரைத் தம்முடைய பௌதிகத் துறைக்கு இழுத்துக் கொண்டார்.

பிறகு கேம்பிரிட்ஜில் இரண்டு வருஷம். 1949ல் திரும்பினார்.

1952ல் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், கிண்டியில் பௌதிகத் துறைக்கு ஒரு தலைவரைத் தேடினார். ராமன் தம் சீடரைக் கை காட்டினார். முப்பதாவது வயதில் ராமச்சந்திரன் பேராசிரியரானார்.

என்ன ஆராய்ச்சி செய்யலாம் என்று அவர் யோசித்துக் கொண்டிருந்த சமயம், பெர்னால் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

கங்காருவின் வால் நாரில் கொலாஜன் இழைகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும். அதை எக்ஸ்-கதிரில் வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் படம் எடுத்தார்கள். படத்தில் தெரிந்தவை வெறும் புள்ளிகளும் கறைகளும்தான். அதிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 1954ல் விடை வந்தது. கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்த கயிறு! அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக் கொண்டிருப்பதாகக் காட்டினார்கள்.

சங்கிலியின் கண்ணிகள் அமினோ அமிலங்கள். ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின் என்ற மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. அங்கே பெரிய கண்ணி ஒன்று தவறி வந்துவிட்டால் என்ன ஆகும்? முறுக்குக் கெடும். சில குழந்தைகளுக்குத் தொட்டால் முறியும் எலும்பு இருக்கிறதே, அதற்கு இந்தப் பிழை ஒரு காரணம்.

அணுக்கள் இடிக்குமா?

புகழோடு எதிர்ப்பும் வந்தது. எதிர்த்தவர் சாமானியர் அல்ல. டி. என். ஏ.யின் அமைப்பைக் கண்ட கிரிக்! அவரும் ரிச் என்பவரும் முப்புரியை ஒப்புக் கொண்டார்கள். ஆனால் ராமச்சந்திரன் சொன்னபடி இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும், அவ்வளவு நெருக்கம் கூடாது என்றார்கள். புரிகளுக்கு இடையே அவர் சொன்ன இரண்டு பிணைப்புகளில் ஒன்றுதான் இருக்க முடியும் என்றும் வாதித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் பிற்காலச் சான்று அவர்கள் பக்கமே சாய்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேறொருவராக இருந்தால் கோபத்தில் ஒரு மறுப்புக் கடிதம் எழுதி ஓய்ந்திருப்பார். ராமச்சந்திரன் அடிப்படையையே கேட்டார்: அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அமைப்பு தெரிந்த படிகங்களை எல்லாம் சசிசேகரனுடன் சேர்ந்து அலசினார். மற்றவர்கள் நினைத்ததைவிடச் சற்று அதிகமாகவே அணுக்கள் நெருங்குகின்றன என்று தெரிந்தது.

அதோடு விடவில்லை. நெரிசலான பஸ்ஸில் நிற்பவர் கையைக் காலை இஷ்டப்படி திருப்ப முடியாது. பக்கத்து ஆளை இடிக்கும். புரதச் சங்கிலியும் அப்படித்தான். ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடத்தில் திரும்பும். எந்தெந்தத் திருப்பத்தில் அணுக்கள் இடிக்கும், எதில் இடிக்காது? சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அவரும் மேஜைக் கணக்கு இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள். ஒரு கட்டத்தில் அதைக் குறித்தார்கள். கட்டத்தின் பெரும் பகுதி தடை. இடம் கிடைத்தது சில திட்டுகளில் மட்டுமே. 1963ல் வெளியான இதுதான் ராமச்சந்திரன் படம். இன்றும் ஒரு புரதத்தின் வடிவத்தைப் புதிதாகக் கண்டவர்கள், அது சரிதானா என்று இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் தானே ஊகித்த வடிவத்துக்கும் இதே சோதனைதான்.

பௌதிகம் படித்தவர், ரசாயனம் படித்தவர், கணக்குப் போடுபவர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உயிரைப் பற்றி ஆராய்ந்தது அந்நாளில் அபூர்வம். முதலியார் 1969ல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு ராமச்சந்திரன் கிண்டியை விட்டுப் பெங்களூர் போனார். அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உண்டாக்கினார். 1971ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்கால் மீட்கும் வழி ஒன்றையும் வெளியிட்டார். ஸ்கேன் இயந்திரங்களுக்கு அது உதவிற்று.

1977ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசு மட்டும் வரவில்லை. அது அவருக்கு நியாயமாக வந்திருக்க வேண்டியது என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

கடைசிக் காலம் கஷ்டமானது. நடுக்க வாதம் அவரைப் பிடித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உடனிருந்த மனைவி ராஜலட்சுமி 1998ல் காலமானார். மறு வருஷம் படிகவியலாளர்களின் உலக சங்கம் எவால்டு பரிசை அளித்தது. 2001 ஏப்ரல் 7ந் தேதி சென்னையில் அவர் மறைந்தார். கிண்டியில் அவர் வளர்த்த துறை, படிகவியல்–உயிர் இயற்பியல் துறை என்ற பெயரில் இருந்து வருகிறது.