கோடுகளின் ஆசிரியர் கே. சி. எஸ். பணிக்கர்

நம் கொருக்குப்பேட்டையில் பிறந்த குழந்தை முதலிற் காண்பதே கோடுகளைத்தான். இணையாக ஓடும் தண்டவாளங்கள், தலைக்கு மேலே செல்லும் மின்கம்பிகள், சரக்கு வண்டிகளின் இரும்புச் சட்டங்கள் எனத் திரும்பிய பக்கமெல்லாம் கோடுகளே. ஆயினும் ஓவிய வகுப்பில் வரையச் சொன்னால் அப்பிள்ளை இரு மலைகளையும், இடையே எழும் சூரியனையும், ஒரு தென்னையையும் வரைந்து தருகிறான். மலையை அவன் எங்கே கண்டான்? பிறர் வரைந்ததைப் பார்த்து வரைகிறான். கண்ட பொருளிலிருந்து தனக்கென ஒரு கோட்டை எடுக்கும் துணிவைத் தம் வாழ்நாள் முழுதும் தேடியவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். அவருடைய வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

1911-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் கோயம்புத்தூரில் பணிக்கர் பிறந்தார். சிறுவயதிலேயே இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டினார். பதினேழு வயதில் அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. அந்நிலையில் தந்தை இறந்தார். குடும்பச் சுமை தோளில் விழவே, கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையிலும் பின்னர்க் காப்பீட்டுத் தொழிலிலும் உழைத்தார். படிப்பை நிறுத்திவிட்டுத் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காணும் நமக்கு இந்நிலை புதிதன்று. பணிக்கர் திரும்பி வந்தார் என்பதே நாம் குறிக்க விரும்புவது. 1936-இல், தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவிலுள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர். படிப்பு முடிந்ததும் 1941-இல் பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-இல் முதல்வரானார்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி நம் பகுதியிலிருந்து சில மைல் தொலைவில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ளது. நம்மவருள் எத்தனை பேர் அதன் வாயிலைக் கடந்து உள்ளே சென்றிருப்பர்?

1954-இல் பணிக்கர் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். பொருளின் உருவத்தை விட்டு விலகிய அருவ ஓவியங்களை அங்கே நேரிற் கண்டார். செர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் 1921 முதல் பால் கிளே போன்றோர் கோட்டையே பாடமாக்கிக் கற்பித்திருந்தனர். அவர்களைப் போல வரைந்தால் புதுமை வந்துவிடும். ஆனால் நம் மண்ணின் அடையாளம் எங்கே நிற்கும் என்னும் கேள்வி பணிக்கரை விடவில்லை.

விடை 1963-ஆம் ஆண்டளவில் பிறந்தது. அது கிடைத்த இடம் வியப்புக்குரியது. கணக்குப் பாடத்தின் எண்கள், இயற்கணித எழுத்துகள், வடிவியற் கோடுகள் ஆகியவற்றின் அமைப்பே அவருக்கு வழி காட்டியது. நாம் திருத்தி மூடிவைக்கும் கணக்கு நோட்டின் பக்கத்தில் அவர் ஓவியத்தைக் கண்டார் எனலாம். பின்னர் மலையாள எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் அவருடைய திரைச்சீலையில் இடம்பெற்றன. அவ்வெழுத்துகளை வாசித்துப் பொருள் கொள்ள இயலாது. எழுத்து தன் பொருளை உதிர்த்துவிட்டு வெறுங் கோடாக நிற்கும். சொற்களும் குறியீடுகளும் என்னும் அவ்வரிசையே அவருக்குப் பெரும்புகழ் தந்தது.

இது கற்றவர்க்கு மட்டும் உரிய வித்தை என்று எண்ண வேண்டா. எட்டாம் வகுப்பு மாணவர்க்கும் இயலும். ஒரு குடத்தையும், ஒரு மிதிவண்டிச் சக்கரத்தையும் மேசைமேல் வைக்கிறோம். முதலில் நிழல் தீட்டாமல் விளிம்பை மட்டும் வரையச் செய்கிறோம். பிறகு அதே தாளில், ஓர் அடி தள்ளி நின்று, முன் வரைந்ததன் மேலேயே மீண்டும் வரையச் சொல்கிறோம். குடத்தின் வயிற்றை ஆரக்கால் வெட்டிச் செல்லும். பொருளை எடுத்து அப்புறப்படுத்தியபின், எந்தக் கோடு தாளுக்கு வேண்டும், எது வேண்டா என்று மாணவனே முடிவு செய்கிறான். சிலவற்றைத் தடிப்பாக்குகிறான், சிலவற்றை அழிக்கிறான். எஞ்சுவதில் குடமும் இல்லை, சக்கரமும் இல்லை. ஆனால் அவற்றைப் பாராதவனால் அதனை வரைய முடியாது. பொருளைக் கூர்ந்து பாராமல் கிறுக்கியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே விரைவில் கண்டுகொள்கின்றனர்.

ஓவியம் சோறு போடுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். கேட்பது நியாயமே. பணிக்கரின் மாணவர்க்கும் அக்கவலை இருந்தது. அக்காலத்தில் படம் வாங்குவோர் மிகச் சிலரே. பணிக்கர் அவர்களை ஒன்றுசேர்த்துப் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்கச் செய்தார். அவ்வருவாயைக் கொண்டு இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் அங்கே உருவாயிற்று. எவருடைய வாயிலிலும் காத்திராமல், தம் கைத்தொழிலால் தம் கலைக்கு இடம் தேடிக்கொண்ட கூட்டம் அது. சிறுதொகையாகச் சேர்த்துக் கல்விச் சங்கம் நடத்தும் நமக்கு அதன் அருமை விளங்கும்.

அவர் முதல்வராக இருந்த காலத்தில் அங்கே பயின்ற, கீரனூரைச் சேர்ந்த ஆதிமூலம், காந்தியடிகளைக் கருங்கோடுகளால் வரைந்து பெயர் பெற்றார். தமிழ் இதழ்களிலும் அவருடைய கோடுகள் பரவின. பணிக்கர் 1967-இல் ஓய்வு பெற்றார். 1977 சனவரியில் சென்னையில் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக்கூடமே உள்ளது. அவர் பணியாற்றிய பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக நுண்கலைப் பட்டம் வழங்குகிறது. மேல்நிலைக் கல்வி முடித்த நம் பிள்ளைகளும் அங்கே விண்ணப்பிக்கலாம்.